தகுதி என்ற அந்த ஒரு வரி

கல்லூரி விழா மலர்க் குழுவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் சொன்னது கொஞ்சம்தான். "சார், நம்ம வரலாற்றுத் துறையோட கதையை நீங்கதான் எழுதணும். எத்தனை பேர் படிச்சாங்க, எத்தனை பேர் பாஸானாங்கன்னு கணக்கு மட்டும் எழுதிடாதீங்க." கணக்கு என்னிடம் இல்லை. இருப்பது ஒரு பழைய உறையில் மூன்று தாள்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்மிடம் இளங்கலை வரலாறு முடித்துவிட்டு, மூன்று வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் தொல்லியல் சார்ந்த முதுகலை படித்த மூன்று பேர், ஒரு கோடை விடுமுறையில் தற்செயலாக ஒன்றாக ஊருக்கு வந்திருந்தார்கள். இளைய மாணவர்களுக்குப் பானை ஓடு வரைவது எப்படி என்று சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். அகழாய்வில் கிடைத்த ஓட்டைக் கல்லூரிக்குக் கொண்டுவர முடியாது, கூடவும் கூடாது. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுத் திண்ணையில் உடைந்து கிடந்த தண்ணீர்ப் பானையின் வாய்ப்பகுதித் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி, ராஜபாளையம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

முதலாமவர் ஓட்டின் விளிம்பை மேசையில் கவிழ்த்து வைத்து, மேசைக்கும் விளிம்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியாத கோணம் வரும்வரை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தார். பானை முழுசாக இருந்தபோது அந்தத் துண்டு எந்தச் சாய்வில் நின்றதோ அதைப் பிடிப்பதற்கு அதுதான் வழி. பிறகு வட்டத்துக்குள் வட்டமாக வரைந்த தாளில் விளிம்பைப் பொருத்தி வாயின் விட்டத்தைக் கணக்கிட்டார். சீப்புப் போன்ற புரொஃபைல் கேஜை ஓட்டில் அழுத்தி வளைவை எடுத்தார். வெட்டுமுகத்தை இடப்பக்கம் வரைந்தார். இரண்டாமவர் வெட்டுமுகத்தை வலப்பக்கம் வரைந்தார். விட்டம் போடவில்லை. "எங்க டிபார்ட்மெண்டில் கல்வெட்டுதான் சார் மெயின், ஓடு ஒரு யூனிட்தான்" என்றார். மூன்றாமவர் படம் போலவே நிழல் தீட்டி, அழகாக, ஒரு ஓவியமே வரைந்துவிட்டார். அளவு ஒன்றுமில்லை. அவர் முதுகலையில் ஒருநாளும் ஓட்டைக் கையில் எடுத்ததில்லை என்று பிறகு தெரிந்தது. மதிப்பெண்ணில் மூவரில் அவரே முதல்.

உறையில் இருக்கும் மூன்று தாள்கள் இந்தப் படங்கள்தான். வரைந்த மூவரின் சான்றிதழிலும் தொல்லியல் என்ற சொல் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது. அது நம் ஊருக்கு எப்படி வந்தது, அதற்குள் என்ன இருக்கவேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள், இன்றும் யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பற்றியது. நம் துறையின் வரலாறும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கியது. 1978இல் அதற்குக் காமராசர் பெயர் வந்தது. 1966 வரை தென்மாவட்டக் கல்லூரிகளுக்கெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டம்தான். எழுபதுகளில் ராஜபாளையம் வட்டாரத்தில் கல்லூரிக் கல்வி வேர்விட்டபோது, மதுரை வகுத்த பாடத்திட்டம் எதுவோ அதுவே நமக்கும். இணைப்புக் கல்லூரி என்றால் அப்படித்தான். பாடத்திட்டம் தபாலில் வரும், கேள்வித்தாள் கட்டாக வரும், விடைத்தாள் கட்டாகப் போகும். பொதுத் தரம் என்று இன்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அது ஒருவகையில் நமக்கு அன்றே இருந்தது. ஒரே பாடம், ஒரே கேள்வி, ஒரே நாளில் தேர்வு. ராஜபாளையத்துப் பிள்ளையும் மதுரைப் பிள்ளையும் வீலர் எந்த ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார் என்பதை ஒரே மாதிரி மனப்பாடம் செய்தார்கள்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்த மனப்பாடத்தை நடத்தியவன் நான்தான். தொல்லியல் அறிமுகம் என்ற ஒரு தாளைப் பல ஆண்டுகள் எடுத்தேன். மண்ணடுக்கு என்று கரும்பலகையில் நாலு கோடு போட்டு, அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்று சொல்லி, அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுவேன். பிற்காலத்தில் ஒரு குப்பைக்குழி மேலடுக்கிலிருந்து கீழடுக்கைத் துளைத்துக்கொண்டு இறங்கியிருந்தால் அடியில் கிடப்பது புதிதாகவும் இருக்கலாம் என்பதை நான் நேரில் பார்த்துப் புரிந்துகொண்டது ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்புதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போகும் வழியில் மூவரைவென்றானில் பாண்டியர் காலக் குடைவரை இருக்கிறது. மலைக்கொழுந்தீஸ்வரர் கோயில் என்றால் எல்லோருக்கும் தெரியும். டவுன் பஸ்ஸில் போய்விடலாம். முதல் பத்து வருடம் ஒரு மாணவரைக்கூட நான் அங்கே அழைத்துப் போகவில்லை. பாடத்திட்டத்தில் மாமல்லபுரம் இருந்தது, மூவரைவென்றான் இல்லை.

வீலர் பெயரை எடுத்துவிட்டேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் தொல்லியல் படிப்புக்கு இதுதான் அளவு என்று முதலில் ஒரு கோடு கிழித்தவர் அவர். 1944இல் மார்டிமர் வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தார். அதற்கு முன்பே லண்டனில் மனைவி டெஸ்ஸாவோடு சேர்ந்து பாடுபட்டு, தொல்லியலைத் தொழிலாகக் கற்பிக்கும் நிறுவனம் ஒன்று 1937இல் திறக்கக் காரணமாக இருந்தவர். இங்கே வந்த கையோடு தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார். பல்கலைக்கழக மாணவர்களும் துறை ஊழியர்களும் ஒன்றாகக் கூடாரத்தில் தங்கி, விடிந்ததும் குழியில் இறங்கினார்கள். பின்னாளில் பெயர்பெற்ற பி.பி. லால் அங்கே பயின்றவர்களில் ஒருவர். அடுத்த ஆண்டு, 1945இல், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு ரோமானிய மதுச்சாடியின் துண்டைப் பார்த்துவிட்டு அவர் அரிக்கமேட்டைத் தேடிப் போனார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அரிக்கமேடு ரோமானிய வணிகத்துக்குச் சான்று என்றுதான் நானும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒரு வகுப்பறையாகவும் இருந்தது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, இடையில் வரப்பு விட்டு, அந்த வரப்பின் சுவரில் அடுக்குகளைப் படித்து, ஒவ்வொரு பொருளும் எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதிவைக்கும் பழக்கம் இந்திய மாணவர்கள் கைக்கு வந்தது தட்சசீலத்திலும் அரிக்கமேட்டிலும்தான். இன்று கீழடியிலும் வெம்பக்கோட்டையிலும் நாம் பார்க்கும் அந்தச் சதுரக் குழிகளுக்கு அந்தக் கூடாரப் பள்ளி பாட்டன் முறை.

அந்த முறையைத் தொடர 1959இல் தில்லியில் மத்தியத் தொல்லியல் துறை ஒரு பள்ளியைத் தொடங்கியது. 1985இல் அது நிறுவனமாக உயர்ந்து, படிப்பும் இரண்டாண்டுப் பட்டயமானது. இப்போது பண்டித தீனதயாள் உபாத்யாய பெயரில் கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது. இடங்கள் விரல்விட்டு எண்ணுமளவுதான். நாடு முழுக்க இருக்கும் வரலாற்றுத் துறைகள் ஆண்டுதோறும் வெளியே அனுப்பும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு இது எம்மாத்திரம்?

தமிழ்நாட்டில் கதை வேறு வழியில் போனது. இங்கே தொல்லியல் என்றால் முதலில் கல்வெட்டு. காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஆண்டாள் கோயில் திருச்சுற்றில் ஒரு சுற்று நடந்தால் போதும், சுவரெல்லாம் எழுத்து. எழுத்து இவ்வளவு கிடைக்கும் மண்ணில் ஓட்டை யார் எண்ணப் போகிறார்கள்? மாநிலத் தொல்லியல் துறை 1961இல் அமைந்தது. 1966 முதல் அதன் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி காலத்தில் கல்வெட்டுப் பயிற்சிக்கென்றே ஒரு பட்டயப் படிப்பு தொடங்கியது. தமிழ் முதுகலை படித்தவர்கள் அதில் சேர்ந்து, வட்டெழுத்தும் கிரந்தமும் கற்று, மாவட்ட அலுவலர்களானார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறும் தொல்லியலும் ஒரே துறை. டி.வி. மகாலிங்கம் அறுபதுகளில் காஞ்சிபுரத்தில் அகழ்ந்தார். 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தபோது, கல்வெட்டியலும் தொல்லியலும் என்று துறைக்குப் பெயர் வைத்தார்கள். எ. சுப்பராயலு தலைமையில் அந்தத் துறை எண்பதுகளில் கொடுமணலில் இறங்கியபோதுதான் தமிழ் எழுத்து பொறித்த பானை ஓடு என்ற பொருளில் கல்வெட்டுக்காரரும் குழிக்காரரும் ஒரே மேசைக்கு வந்தார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையே அகழாய்வு செய்தது. கா. ராஜன் 2009லும் 2010லும் பொருந்தலில் தோண்டியபோது ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று வந்ததைத் தமிழ்நாடே பேசியது.

இப்படி ஒவ்வொரு துறையும் தன் மண்ணுக்கும் தன் ஆசிரியருக்கும் ஏற்றபடி வளர்ந்தது. அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. சுப்பராயலுவிடம் படித்தவரின் கை ஒருமாதிரி, காஞ்சிக் குழியில் நின்றவரின் கை ஒருமாதிரி. ஆனால் பட்டத்தின் பெயர்களைப் பாருங்கள். பண்டைய வரலாறும் தொல்லியலும், கல்வெட்டியலும் தொல்லியலும், வரலாறு என்று மட்டும் எழுதி உள்ளே நாலு தாள் தொல்லியல். பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் வரலாற்றுக்கு எண் 06, தொல்லியலுக்கு எண் 67. இரண்டும் தனித்தனி மரம். நம் பிள்ளைகள் அந்த இரண்டு மரத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

தொங்கியவர் ஒருவரைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். சத்திரப்பட்டிப் பெண். வீட்டில் பேண்டேஜ் துணித் தறி. பெயரில் தொல்லியலும் சேர்ந்த ஒரு முதுகலையை வெளியூரில் நல்லபடியாக முடித்தார். வரலாற்று ஆசிரியர் வேலை ஒன்றுக்கு மனுப் போட்டார். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில், "இது எம்.ஏ. ஹிஸ்டரி இல்லையேம்மா, ஈக்குவலன்ஸ் ஜி.ஓ. இருக்கா?" என்றார்கள். வரலாறு படித்த நாட்களைவிட, தான் படித்தது வரலாறுதான் என்று நிரூபிக்க அலைந்த நாட்கள் அவருக்கு அதிகம் என்று தோன்றும். பிளாஸ்டிக் கோப்பில் ஒவ்வொரு பருவத்தின் பாடத்திட்டத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வாங்கிவைத்திருந்தார். நம் மாநிலத்தில் எந்தப் பட்டம் எந்தப் பட்டத்துக்கு இணை என்பதைக் குழு கூடி ஆராய்ந்து அரசாணையாக வெளியிடுவார்கள். இணைத்தன்மை என்பது தமிழ்ப் பெயர், யாரும் அப்படிச் சொல்வதில்லை. குழு தாளின் தலைப்புகளை ஒப்பிடும். இத்தனை விழுக்காடு பொருந்துகிறது, பொருந்தவில்லை என்று முடிவு வரும். அந்தப் பெண்ணுக்குப் பானை ஓடு வரையத் தெரியுமா என்று எந்த மேசையிலும் யாரும் கேட்கவில்லை.

அவர் என்னிடம் சொன்ன ஒன்று மனசிலேயே நிற்கிறது. "எங்க வீட்டுத் துணிக்கு இந்தப் பிரச்சினை இல்லை சார். பையர் லென்ஸை வச்சு இழையை எண்ணுவார். ரீட் இவ்வளவு, பிக் இவ்வளவு, எடை இவ்வளவு. சரியா இருந்தா எடுத்துக்குவார். எந்தத் தறியில நெஞ்சதுன்னு கேக்க மாட்டார்." காயத்தில் வைக்கும் துணிக்கு மருந்து நூல்களில் இழைக்கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பாவு எத்தனை, ஊடு எத்தனை என்று. தறிக்காரர் எந்தக் கலரில் கைலி கட்டினாலும், ராத்திரி ஷிப்டில் எந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டாலும் அதைப் பற்றிக் கவலையில்லை. தரம் பற்றி நான் கேட்ட உரைகளில் இதற்கு நிகராக ஒன்றைச் சொல்லச் சொன்னால் திணறுவேன்.

இனி 2020. அந்த ஆண்டு அக்டோபரில் நொய்டா நிறுவனத்தின் பட்டயப் படிப்புக்கு அறிவிப்பு வந்தது. யார் சேரலாம் என்ற வரியில் தொல்லியல், பண்டைய வரலாறு, மானிடவியல் எல்லாம் இருந்தன. செம்மொழிகளில் முதுகலை படித்தவர்களும் சேரலாம் என்று போட்டு, சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் என்று பட்டியலிட்டிருந்தார்கள். 2004இலேயே செம்மொழி என்று அறிவிக்கப்பட்ட தமிழ் அதில் இல்லை. நாட்டின் கல்வெட்டுகளில் பெரும்பங்கு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் முதுகலை படித்தவர் மனுவே போடமுடியாது. நாகசாமி காலத்துப் பட்டயத்தில் தமிழ் எம்.ஏ.க்காரர்களைத்தான் தேடித் தேடிச் சேர்த்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பதா, வேறு என்ன செய்வது? தமிழகம் கொதித்தது. முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வழக்குப் போனது. சில நாட்களிலேயே திருத்தம் வந்தது. தமிழோடு தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா எல்லாம் பட்டியலில் ஏறின.

பத்திரிகைகளில் அது மொழிப் பிரச்சினையாக வந்தது. மொழிப் பிரச்சினைதான். ஆனால் எங்கள் ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டு செய்தியைப் படித்தபோது எனக்கு வேறொன்று உறைத்தது. ஒரு துறையில் யார் நுழையலாம் என்று எழுதும் அந்த ஒரு வரி, அந்தத் துறை எது என்பதையே எழுதிவிடுகிறது. பாடத்திட்டக் குழுக்கள் வருடக்கணக்கில் கூடி எழுதுவதைவிட, விளம்பரத்தில் தகுதி என்ற தலைப்பின் கீழ் யாரோ ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்த வரிக்கு வலு அதிகம். பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் பேசி, தொல்லியல் பட்டதாரி என்றால் இன்னின்னது தெரிந்தவர் என்று ஒரு முடிவுக்கு வராதவரை அந்த வரியை வேறு யாரோதான் எழுதுவார்கள். அடுத்த ஆண்டே, மைசூருவில் இருந்த தமிழ்க் கல்வெட்டுகளின் மசிப்படிகளைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி அதே மதுரைக் கிளை உத்தரவிட்டது. படிகள் வந்தால் படிக்க ஆள் வேண்டும். ஆளை எந்தப் பட்டத்திலிருந்து எடுப்பது என்ற கேள்வி அப்போதும் வந்து நிற்கும்.

வேறு நாட்டில் எப்படி என்று சிலர் கேட்பார்கள். பிரிட்டனில் பல்கலைக்கழகத் தரத்தைப் பார்க்கும் அமைப்பு, 2000இல் தொல்லியலுக்கென்று ஒரு பொதுத் தர அறிக்கையை வெளியிட்டது. பிறகு சில முறை திருத்தினார்கள். அதை வாசித்தபோது எனக்குப் பிடித்தது, அதில் யூனிட் ஒன்று, யூனிட் இரண்டு என்று இல்லை. இந்தப் பட்டம் பெற்றவர் என்னென்ன செய்யக்கூடியவராக இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். களப்பணி இல்லாத தொல்லியல் பட்டம் அங்கே நினைத்துப் பார்க்கமுடியாதது. அங்கே தொல்லியலாளர்களின் தொழில் அமைப்புக்கு 2014இல் அரச பட்டயமே கிடைத்தது. பட்டப் படிப்புகளைப் பார்த்துச் சான்று தரும் வேலையும் அது செய்கிறது. அமெரிக்காவில் 1998இல் தொழில்முறைத் தொல்லியலாளர்களுக்கு ஒரு பதிவேடு தொடங்கினார்கள். பதிவு செய்யப் பட்டமும் வேண்டும், களத்தில் நின்ற அனுபவமும் வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இவ்வளவு எழுதிவைத்த பிரிட்டனில், உலகப் பெயர்பெற்ற ஷெஃபீல்டு பல்கலைக்கழகத் தொல்லியல் துறையை மூடுவதென்று 2021இல் முடிவெடுத்தார்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டதாம். தர அறிக்கை அதைத் தடுக்கவில்லை. நம்மூரில் நேர்மாறு. கீழடிக்குப் பிறகு தொல்லியல் என்ற சொல்லுக்கே ஒரு மவுசு. இளங்கலைச் சேர்க்கைக்கு வரும் பிள்ளை, "கீழடி மாதிரி இடத்துல வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்கிறது. அதற்கு முன் வரலாற்றில் சேர்ந்த பிள்ளைகள் கேட்ட ஒரே கேள்வி குரூப் ஃபோர்.

அந்த மவுசு நம் வாசலுக்கும் வந்தது. 2022 மார்ச் 16ஆம் தேதி வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் விஜயகரிசல்குளம் மேட்டில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. ராஜபாளையத்திலிருந்து ஆலங்குளம் வழியாக பஸ் பிடித்தால் வைப்பாற்றங்கரை மேடு. அடுத்தடுத்த கட்டங்களில் ஆயிரக்கணக்கில் தொல்பொருள்கள் கிடைத்தன. சுடுமண் பொம்மைகள், மணிகள், பொன் அணிகலன், நுண்கற்கருவிகள். எல்லாவற்றையும்விட சங்கு வளையல்கள், அதுவும் அறுத்துப் பாதியில் விட்டவையும் கழித்துப் போட்ட துண்டுகளும். அங்கே வளையல் செய்திருக்கிறார்கள் என்பதற்கு முழு வளையலைவிட அரைகுறை வளையல்தான் நல்ல சாட்சி. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு சங்குத் துண்டின் ஓரத்தில் ரம்பம் ஓடிய கோடுகளைக் காட்டி, இது ஒரே வீச்சில் அறுத்ததா, திருப்பித் திருப்பி அறுத்ததா என்று அங்கிருந்த இளம் ஆய்வாளர் கேட்டார். நம் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் சங்குத் துண்டைப் பார்த்தேன்.

இந்தச் சூழலில்தான் 2023இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் பொதுப் பாடத்திட்டம் வந்தது. கலை அறிவியல் கல்லூரிகள் அனைத்துக்கும் முக்கால் பங்கு பொது, கால் பங்கை அந்தந்தப் பல்கலைக்கழகம் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. இணைத்தன்மைத் தொல்லை தீரும், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பிள்ளைக்கு நல்லது என்றது அரசு. பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி என்னாவது, நன்றாக நடத்திக்கொண்டிருப்பவர்களையும் கீழே இழுப்பதா என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே முடிவெடுக்கலாம் என்று பிறகு அமைச்சர் பொன்முடி இறங்கிவந்தார்.

இரண்டு பக்கமும் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கக் கூட்டத்திலும் உட்கார்ந்து போண்டா சாப்பிட்டிருக்கிறேன். சத்திரப்பட்டிப் பெண் அலைந்ததை நினைத்தால் பொதுப் பாடத்திட்டம் வேண்டும் என்றே தோன்றும். ஆனால் என் முப்பது வருடத்தை நினைத்தால், பொதுவாக இருந்த பாடத்திட்டம்தான் என் வகுப்பை ஓடே இல்லாத தொல்லியலாக வைத்திருந்தது என்பதும் உண்மை. தலைப்புகள் பொதுவாக இருந்தால் தரம் பொதுவாகிவிடாது. ஒரே தலைப்பை நானும் நடத்தினேன், கொடுமணல் குழியில் நின்றவரும் நடத்தினார்.

என்னைக் கேட்டால், தொல்லியல் என்று சான்றிதழில் எழுதும் எந்தப் பல்கலைக்கழகமும் முதலில் நாட்கணக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். குழியில் இத்தனை நாள், பானை ஓட்டு முற்றத்தில் இத்தனை நாள். ஓட்டுக்கு எந்தப் பக்கம் வெட்டுமுகம் வரைவது என்ற சின்ன விஷயத்தில்கூட ஒரே பழக்கம் வந்தால், தஞ்சைப் படத்தையும் சென்னைப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கமுடியும். மண்ணின் நிறத்தை "சிவப்புக் கலந்த பழுப்பு" என்று ஆளாளுக்கு எழுதாமல் மன்செல் வண்ண ஏட்டைப் பிரித்து எண்ணைப் போடப் பழகவேண்டும். எந்தப் பட்டதாரியும் கல்வெட்டு ஒன்றையாவது தானே படியெடுத்து, தானே வாசித்திருக்கவேண்டும். தமிழ்நாட்டில் இதைச் சொல்லவே வேண்டாம், ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது. கடைசியாக, தான் தோண்டியதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதத் தெரியவேண்டும். தோண்டிவிட்டு எழுதாமல் போவது நம் நாட்டுத் தொல்லியலுக்குப் பழைய நோய். இதற்கு மேல் மற்றதெல்லாம் அந்தந்த ஊர்ப் பாடு. வைப்பாற்றுப் பக்கம் படிப்பவருக்குச் சங்கைப் பற்றிக் கூடுதலாகத் தெரியட்டும், கொங்குப் பக்கம் படிப்பவருக்கு இரும்பைப் பற்றித் தெரியட்டும். கால் பங்கு என்று விட்டார்களே, அதற்கு அதைவிட நல்ல உபயோகம் இல்லை.

படியெடுப்பது என்றேன். நம் துறை வரலாற்றில் நான் மனதாரப் பெருமைப்படும் நாள் அதுதான், அதனால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன். உரிய அனுமதி வாங்கி, கல்வெட்டுப் பயிற்சி பெற்ற ஒருவரை வரவழைத்து, பன்னிரண்டு மாணவர்களோடு ஒரு பழைய கோயிலில் ஒருநாள் உட்கார்ந்தோம். தேங்காய்நார்த் தூரிகையால் கல்லைக் கழுவவே ஒரு மணி நேரம். பிறகு தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, மயிர்த் தூரிகையால் அடித்தார்கள். பட் பட்டென்று பிராகாரம் முழுக்கச் சத்தம். எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை அடிக்கவேண்டும், கிழியவும் கூடாது. தாள் அரைகுறையாக உலர்ந்ததும் மை ஒற்றியைத் தொட்டுத் தொட்டு வைத்தார்கள். மேடெல்லாம் கறுப்பாகி, பள்ளத்தில் இருந்த எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது. ஈரம் அதிகமிருந்த ஒரு தாளில் மை ஊறி எழுத்தே மூழ்கிப்போனது. ஒரு பெண் கண்கலங்கிவிட்டாள். "முதல் படி எனக்கும் இப்படித்தாம்மா போச்சு" என்று சொல்லி வந்தவர் இன்னொரு தாளை நனைத்தார். மத்தியானம் புளிசாதம். சாயங்காலம் கோயில் வாசலில் பன்னிரண்டு படிகளையும் கொடியில் காயப்போட்டபோது, அர்ச்சகர் வெளியே வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இத்தனை வருடமாக விளக்கு வைக்கும்போது கைபட்டுக்கொண்டிருந்த கல்லில் இவ்வளவு இருக்கிறதா என்று கேட்டார். அன்று மை மூழ்கிய அந்தப் பெண் கல்வெட்டைத்தான் மேற்படிப்பாக எடுத்தாள்.

துறை என்றால் எனக்கு இந்த ஒரு நாளும் அந்த மூன்று தாள்களும்தான். பெயர்ப் பட்டியலும் தேர்ச்சி விழுக்காடும் மலரின் பின்பக்கத்தில் வேறொருவர் தொகுத்திருக்கிறார், சரியாகவே இருக்கும்.

விழா நாளன்று துறை அறையில் சிறிய கண்காட்சி வைக்கிறோம். அந்த மூன்று ஓட்டுப் படங்களையும் பக்கத்துக்குப் பக்கம் தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன். வரைந்தவர் பெயரோ பல்கலைக்கழகத்தின் பெயரோ போடவேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். கீழே மேசையில் அதே ஓடு இருக்கும், என் வீட்டுத் தண்ணீர்ப் பானையின் விளிம்பு. பக்கத்தில் புரொஃபைல் கேஜ், வட்டத் தாள், சீவிய பென்சில், நாலைந்து வெள்ளைத் தாள். பழைய மாணவர்கள் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வரையலாம். ஓட்டை மட்டும் யாரும் எடுத்துப் போய்விடாதீர்கள், வீட்டில் மீதிப் பானை இருக்கிறது.